இரவல் தொட்டில்

அத்தியாயம் பதினான்கு

யசீகரன் போனில் ‘யெஸ்’ என்று சொன்னதோடு போன வாரம் நிறுத்தினோம். அந்த ஒரு சொல் அன்றிலிருந்து அவன் தொண்டையிலேயே கிடக்கிறது. விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் பக்கம் பெரிய பால்மா ஆலை ஒன்றுக்குத் தளம் போடுகிறார்கள். மூன்று மாத வேலை. சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு, கூலியும் அதிகம். ஆக்லாந்தில் கட்டட வேலை படுத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் கான்கிரீட் கொட்டக் கிடைத்தால் அந்த வாரம் நல்ல வாரம். ஃபோர்மன் கிரெக் கேட்டதும் யோசிக்காமல் சம்மதித்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை விமானம். மனைவி வைஷாலிக்கு இது எட்டாம் மாதம். இதற்குமேல் கணக்குப் போட ஒன்றுமில்லை. பிள்ளை வருகிற நேரம் தகப்பன் நாட்டின் மறு முனையில் முழங்கால்வரை சீமெந்துக்குள் நிற்பான்.

அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

மவுண்ட் ஆல்பர்ட்டில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருக்கிற பழைய மரவீட்டின் பின்வளவில், ஒற்றை அறை ஒன்று தனியாக நிற்கிறது. அதுதான் இவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த அறையின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு யசீகரன் நின்றான். வைஷாலி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலே இருந்த அந்த மூலை, பிள்ளைக்கென்று ஒதுக்கிய மூலை. அதில் ஒன்றுமே இல்லை. ஒரு துண்டுத் துணி இல்லை.

அது அக்கா ரதிதேவியின் சட்டம். பிள்ளை பிறக்க முதல் ஒரு சாமானும் வாங்கி வீட்டுக்குள் வைக்கக்கூடாது. போன மாதம் மலிவு விலையில் கிடைத்ததென்று வைஷாலி ஒரு பொதி நாப்கினை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா வாசலிலேயே மறித்துத் திருப்பிக் கொடுக்க வைத்தாள்.

அந்த வெறும் மூலைதான் யசீகரனை ‘யெஸ்’ சொல்ல வைத்தது. பிறந்த அன்றைக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கவேண்டும். எதை வைத்து வாங்குவது?

“டேய் யசி!”

ஜன்னலுக்கு வெளியே அக்கா. குளிர்ச்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி, இரண்டு கையும் சட்டைப் பைக்குள்.

“வானை எடு. ஒரு இடம் போகோணும்.”

“எங்கை?”

“சொன்னால்தான் வருவியோ? முதல் வெஸ்ட்கேட். பேந்து தகனினி.”

“அக்கா, ஒண்டு அந்தத் தொங்கல், மற்றது இந்தத் தொங்கல். பெற்றோல் என்ன பைப்பிலயே வருது?”

“உன்ர அத்தான் நேற்றே அடிச்சு விட்டிட்டார். அலட்டாமல் வா.”

வான் வண்டி கிளம்பியது. கோயில் அன்னதானத்துக்குச் சாமான் சேர்க்கப் போகிறாள் என்று யசீகரன் நினைத்துக்கொண்டான். வழியெல்லாம் அக்கா கதைத்தாள். கோயிலில் யார் யாரோடு கோபம், அத்தான் பஸ் ஓட்டும்போது ஏறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குழப்படி, வைஷாலி தன்னை ‘அண்ணி’ என்று கூப்பிடுகிற அநியாயம்.

“மச்சாள் எண்டு சொல்லு பிள்ளை எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். அவளுக்கு வாயில வருகுதில்லை.”

“அவையின்ர தமிழ்நாட்டில அண்ணி எண்டுதான், அக்கா.”

“பிறக்கிறது என்னத்தைச் சொல்லும்?”

“அது இங்கிலீசில ‘ஹாய்’ எண்டும்.”

அக்கா சிரித்தாள். யசீகரனும் சிரித்தான். தொண்டைக்குள் கிடந்தது மட்டும் அசையவில்லை.

வெஸ்ட்கேட்டில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. நிருஜா என்ற பெண் கதவைத் திறந்தாள். அத்தானுக்குத் தூரத்துச் சொந்தம், கணக்காளராக வேலை செய்கிறவள். கூடத்தில் எல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். குழந்தையைக் காரில் வைத்துக் கொண்டுபோகிற கூடை இருக்கை ஒன்று. துவைத்து மடித்த சின்னச் சட்டைகள் இரண்டு பை.

யசீகரன் அப்படியே நின்றுவிட்டான்.

“இது... ஆருக்கு?”

“உன்ர அத்தானுக்கு,” என்றாள் அக்கா. “ஆருக்கெண்டு கேக்கிறான் பாரன், விசரன்! நிருஜா, இருக்கையின்ர அடியில காலாவதித் திகதி இருக்குமே, அது முடியேல்லைத்தானே?”

“இன்னும் மூண்டு வருசம் கிடக்கு மாமி. எங்கையும் மோதி அடிபட்டதும் இல்லை. என்ர மகள் ஒரு நாளும் இதுக்குள்ள இருந்து அழுததில்லை,” என்றபடி நிருஜா பைகளை அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா ஒரு அடி பின்னால் போனாள். கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

“தம்பியிட்டக் குடு. அவன்தான் தகப்பன்.”

குளிராக்கும் என்று யசீகரன் நினைத்தான்.

மோட்டர்வேயில் ஏறி வான் தெற்கே ஓடத் தொடங்கியது. பின்னாலே அந்தச் சின்ன இருக்கை ஆடி ஆடி வந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்து தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

“அக்கா, நீங்கள்தானே ஒண்டும் வாங்கக்கூடாது எண்டனீங்கள்?”

“வாங்கக்கூடாது எண்டுதான் சொன்னனான். பிள்ளைக்கு ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு சொன்னனானே? பிறந்த பிள்ளைக்குப் புதுசு போடுறேல்லை. பிள்ளையள் நல்லா வளர்ந்த வீட்டுப் பழசைத்தான் முதல் போடுறது. அதுதான் ராசி. அதுக்குக் காசும் தேவையில்லை.”

“முன்னமே எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் கண்படும்.”

“ஆற்ற கண்? என்ர கண்ணே?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு லாரி உறுமிக்கொண்டு கடந்து போனது.

“என்ர கண்,” என்றாள்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அது வீட்டில் யாரும் கதைக்காத விஷயம், எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நிருஜா நீட்டிய பையை அவள் ஏன் தொடவில்லை என்று யசீகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுச் சேர்த்தவள், ஒரு சின்னச் சட்டையைக்கூடக் கையால் தொடாமல் சேர்த்திருக்கிறாள். தூக்கத்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

வானின் வேகத்தைக் குறைத்தான்.

தகனினியில் பாக்யலட்சுமியின் வீடு. வைஷாலியோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், ஈரோட்டுக்காரி. அவர்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து அவள் வாய் மூடவில்லை.

“வாங்கக்கா, வாங்க தம்பி. இதுதான் தொட்டில். எங்க மூணு பசங்களும் இதுலதான் வளர்ந்தாங்க. எனக்கு முன்னாடி எத்தனை வீடு சுத்துச்சோ, அது தொட்டிலுக்குத்தான் தெரியும். ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. அட்டையை மடிச்சு அடியில குடுத்துட்டா ஆடாது.”

மரத்தொட்டில். விளிம்பெல்லாம் பல் பட்ட தடம். பிள்ளைகள் கடித்துக் கடித்து மெருகேறியிருந்தது.

“அக்கா, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்களேன், வான்ல ஏத்திடலாம்.”

“எனக்கு நாரி நோ பிள்ளை,” என்றாள் அக்கா. அவளுக்கு இடுப்பிலே ஒரு நோவும் இல்லை.

யசீகரன் தனியாகவே தூக்கினான். சீமெந்து மூட்டை தூக்குகிற தோளுக்கு அது பஞ்சு.

வானில் ஏற்றியதும் பாக்யலட்சுமி உள்ளே ஓடிப்போய் ஒரு சின்ன அரிசி மூட்டையைக் கொண்டுவந்து தொட்டிலுக்குள் போட்டாள். பக்கத்திலே, வெளுத்து மெதுமெதுவென்று ஆன ஒரு பழைய வேட்டி.

“வெறும் தொட்டிலா எடுத்துட்டுப் போகக்கூடாது. குழந்தை வர்றவரைக்கும் உள்ள ஏதாச்சும் கனமா இருந்துக்கிட்டே இருக்கணும். எடுத்தா, வேற ஒண்ணைப் போட்டுட்டு எடுக்கணும். வேட்டி எங்கப்பாவோடது. முதல் முதல்ல குழந்தையை அதுலதான் சுத்தணும். சரிங்களா?”

“ஓம், ஓம்,” என்றாள் அக்கா. “நாங்களும் அப்பிடித்தான்.”

திரும்பி வரும் வழியில் தொட்டில் பின்னால் கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தம் யசீகரனைச் சும்மா இருக்க விடவில்லை.

“அக்கா. நான் செவ்வாய்க்கிழமை போறன்.”

“எங்கை?”

“இன்வர்கார்கில். வேலைக்கு. மூண்டு மாசம்.”

அக்கா கழுத்தில் இருந்த சால்வையை அவிழ்த்தாள். திரும்பச் சுற்றினாள்.

“வானை நிப்பாட்டு.”

“மோட்டர்வேயில நிப்பாட்டேலாது அக்கா.”

“அப்ப கதைக்காதை. ஓடு.”

ஓட்டினான். மவுண்ட் ஆல்பர்ட் ரயில்நிலையம் தாண்டும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவளுக்குச் சொல்லிப்போட்டியோ?”

“இல்லை.”

“நான் சொல்லமாட்டன். உன்ர வாயால நீயே சொல்லு.”

வைஷாலி வேலை முடிந்து வந்து, அறை வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை வெந்நீர் வாளிக்குள் வைத்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. தொட்டிலைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணி! நீங்களா? நாப்கினையே திருப்பி அனுப்புனவங்களா?”

“மச்சாள் எண்டு சொல்லு. அது வாங்கினது. இது இரவல். இரவலுக்குக் குத்தமில்லை.”

“இந்தச் சட்டத்தை எந்தக் கோர்ட்டுல போட்டாங்க?”

“என்ர கோர்ட்டில. காலைத் துடைச்சிட்டு வா.”

யசீகரன் அந்த மூலையில் தொட்டிலை வைத்தான். குட்டைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துக் கொடுத்தான். தளம் சரிபார்க்கிற பழக்கத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தான். அசையாமல் நின்றது. இத்தனை நாளும் அவனை முறைத்துக்கொண்டிருந்த மூலை, இப்போது வேறு மூலை.

வைஷாலி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அரிசியா! நல்லவேளை. பானையில தட்டுனா சத்தம்தான் வருது, ராத்திரிக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். யசி, அதை எடுங்க.”

“எடாதை!” என்று அக்கா வாசலிலிருந்து சத்தம் போட்டாள். “தொட்டில் வெறுமையாக் கிடக்கக்கூடாது. எடுத்தால் வேற என்னவும் போட்டிட்டு எடு.”

“அப்படியா? ஏதாவது கனமா இருக்கணுமா அண்ணி?”

“ஓம்.”

வைஷாலி யோசிக்கிற மாதிரி நின்றாள். பிறகு மெல்ல நடந்து, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற அலுமாரியைத் திறந்தாள். உள்ளே இருந்து எதையோ காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

நீலப் பை. யசீகரன் யாருக்கும் தெரியாமல் கட்டி ஒளித்து வைத்த பயணப் பை. உள்ளே வேலைச் சப்பாத்து, குளிர் உடுப்பு, முழங்கால் கவசம் எல்லாம் அடுக்கி இழுத்துப் பூட்டியது.

“இது நல்ல கனம். நான் தூக்கக்கூடாதுன்னு மிட்வைஃப் சொல்லியிருக்காங்க. நீங்களே உள்ள வைங்க.”

யசீகரனின் காது இரண்டும் சூடேறின. வாசலில் நின்ற அக்கா கூரையைப் பார்த்தாள்.

“எப்ப கண்டனீர்?” என்றான் யசீகரன்.

“வியாழக்கிழமை. என் யூனிஃபார்மை அங்கதானே காயப்போடுவேன்? உலகத்துலயே ஒளிச்சுவைக்க உங்களுக்குக் கிடைச்ச இடம் அதுதானா?”

“ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். வெள்ளிக்கிழமை சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நேத்து தேங்காய் துருவிக் குடுத்தீங்களே, அப்பச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். எங்கன்னுகூட எனக்குத் தெரியாது.”

அவன் சொன்னான். இடம், மாதம், கூலி, செவ்வாய்க்கிழமை. சொல்லச் சொல்லத் தொண்டை இளகியது. கடைசியில், “இஞ்ச கிழமைக்கு மூண்டு நாள் வேலைதானே. நீர் வேலையை விட்டு நிண்டால் அந்தக் காசும் குறைஞ்சு போகும். பிள்ளைக்கு நான் வேற என்னத்தைச் செய்யிறது?” என்றான்.

வைஷாலி கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். களைப்புத்தான் இருந்தது.

“போங்க. நான் தடுக்கல. பெத்துக்கிறதை நான் பெத்துக்குவேன். அண்ணி இருக்காங்க, அண்ணன் இருக்காரு. ஆனா மூணு மாசம் கழிச்சு நீங்க வந்து வாசல்ல நிப்பீங்க. அது உங்களைப் பார்த்து மிரண்டு அழும். ‘அழாதடா, இவர்தான் உங்கப்பா’ன்னு நான் அறிமுகம் பண்ணி வைக்கணும். அந்த ஒரு வேலை மட்டும் எனக்குப் பிடிக்கல.”

யசீகரன் தரையைப் பார்த்தான்.

“கஷ்டம் வராதுன்னு நான் சொல்லல, யசி. வரும். அரசாங்கம் குடுக்குற பிரசவ லீவுப் பணம் வாடகைக்கும் கரண்டுக்குமே சரியாப் போகும். அப்புறம் நீங்களும் நானும் பருப்பும் சோறும் சாப்பிடுவோம். சட்டை வந்தாச்சு, தொட்டில் வந்தாச்சு. பால் என்கிட்ட இருக்கும். அந்த ஆளுக்கு ஆறு மாசத்துக்கு வேற என்ன வேணும்? சொல்லுங்க.”

அவன் குனிந்து நீலப் பையைத் தூக்கினான். அரிசி மூட்டையை ஒரு கையால் எடுத்துக்கொண்டே, பையை மற்றக் கையால் தொட்டிலுக்குள் இறக்கினான். தொட்டில் ஒருமுறை ஆடி நின்றது. விளிம்பில் அந்தச் சின்னப் பல் தடங்கள், உள்ளே வேலைச் சப்பாத்துப் பை.

இனி இந்தப் பையை எடுத்தால் தொட்டில் வெறுமையாகும். அது அவனுக்கு விளங்கியது. வைஷாலிக்கு அது முன்பே விளங்கித்தான் இருந்தது.

அவள் எழுந்து வேட்டியை எடுத்து உதறினாள். முழு நீளத்துக்கும் விரிந்தது.

“அண்ணி, அந்த முனையைப் பிடிங்க. மடிக்கணும்.”

அக்காவின் கை சட்டைப் பைக்குள் போனது.

“நீ மடி பிள்ளை. எனக்கு வேண்டாம்.”

“எட்டு முழம். நான் ஒருத்தியா எப்படி மடிப்பேன்?”

“யசி பிடிப்பான்.”

“அவர் கையெல்லாம் சிமெண்ட்ல காப்பு காய்ச்சிருக்கு. துணி கிழிஞ்சிடும். வாங்க அண்ணி.”

“பிள்ளை, நான் தொட்டால்...” என்று இழுத்தாள் அக்கா.

வைஷாலி அவளைப் பார்த்தாள். வேட்டியின் ஒரு முனையைக் கொண்டுபோய், அக்காவின் சட்டைப் பைக்குள்ளேயே, கைக்குப் பக்கத்தில் செருகிவிட்டாள்.

“பிரசவ அறையிலேருந்து வெளிய கொண்டுவந்து உங்க கையிலதான் குடுப்பாங்க. இவர் அழுதுக்கிட்டு நிப்பாரு, இவரை நம்ப முடியாது. இப்பவே பழகிக்கோங்க, மச்சாள்.”

அந்த ‘மச்சாள்’ அவள் வாயில் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

அக்காவின் கை வெளியே வந்தது. வேட்டியைப் பிடித்தது. இரண்டு பேரும் இழுத்து நேராக்கி, நடந்து நெருங்கி, மடித்து, திரும்பவும் விலகினார்கள். துணி சின்னதாகச் சின்னதாக அவர்கள் கிட்ட வந்தார்கள். கடைசி மடிப்பில் நான்கு கையும் ஒன்றாக இருந்தன. அக்கா அதை முகத்தருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, “நல்லாத் தோய்ச்சிருக்கிறா,” என்றாள்.

யசீகரன் அரிசி மூட்டையோடு வெளியே வந்தான். எலுமிச்சை மரத்தடியில் நின்று போனை எடுத்தான். அவன் அழுத்துவதற்கு முன்னாலேயே அது அலறியது. கிரெக்.

செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் அனுப்பியாகிவிட்டது, சரியாகக் கிடைத்ததா என்று கிரெக் கேட்டான்.

தன்னிடம் இருந்த இங்கிலீசில் யசீகரன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. பிள்ளை பிறக்கிறவரைக்கும் எங்கேயும் வரமாட்டேன். பிறந்த பிறகு, அது என் முகத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, எந்த ஊருக்குச் சொன்னாலும் வருகிறேன். சம்மதித்துவிட்டு மாறுகிறேன், அது என் பிழை, மன்னித்துக்கொள்.

அந்தப் பக்கம் கிரெக் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரே ஒரு வாக்கியம். அதோடு போன் நின்றது.

யசீகரன் உள்ளே வந்தபோது அக்கா உலைப் பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வைஷாலி அரிசிக்குக் கையை நீட்டினாள்.

“யாரு, கிரெக்கா?”

“ஓம்.”

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிப்போட்டன்.”

அவள் கண் மூடித் திறந்தது. “என்ன சொன்னான்?”

“நாளைக்கு விடிய, கொம்பனி யார்டுக்கு வந்து தன்னைப் பாக்கட்டாம்.”

“வேலைக்கா? இல்ல, கணக்கை முடிச்சு அனுப்பவா?”

“தெரியேல்லை வைஷாலி. குரலை வைச்சுச் சொல்ல முடியேல்லை.”

வைஷாலி மூட்டையின் வாயை அவிழ்த்தாள். மூன்று கைப்பிடி எடுத்து அளந்து சட்டிக்குள் போட்டாள். ஒரு நொடி யோசித்து, நான்காவது பிடியும் போட்டாள்.

“வேலைச் சப்பாத்து அந்தப் பைக்குள்ளதானே இருக்கு?”

“ஓம். நாளைக்கு அது வேணும்.”

“அப்ப அதை மட்டும் எடுத்துக்கோங்க,” என்றாள் அவள். “பை அங்கேயே இருக்கட்டும்.”